ஆகட்டுங்க

இன்று காலை பல் விளக்குவதற்கு முன்பே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உங்கள் குரலைக் கேட்டேன், அக்கா. நம் படப்பிடிப்பில் பதிவு செய்த ஒலிநாடா, இத்தனை வருடம் என் பீரோவில் கிடந்தது. போன வாரம்தான் கணினிக்கு மாற்றினேன். முதலில் பல்லடத்து விசைத்தறிகளின் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து நீங்கள்: "ஆகட்டுங்க."

மற்ற இயக்குநர்கள் ‘ஆக்‌ஷன்’ என்று கத்தும் இடத்தில் நீங்கள் சொன்னது அவ்வளவுதான். சென்னையிலிருந்து வந்த லைட்மேன்கள் சிரித்தார்கள். "அம்மா ஷாட்டுக்குக் கூப்பிடறாங்களா, பந்திக்குக் கூப்பிடறாங்களா?" உதவி இயக்குநராக கிளாப் பலகையோடு நின்ற என்னிடம் மட்டும், "பந்தின்னா இவங்க முன்னாடியே வந்து உக்காந்திருப்பாங்க கண்ணு" என்றீர்கள்.

அந்த ‘ஆகட்டுங்க’தான் உங்களைக் கவிழ்த்தது. படம் முடிந்ததும் தயாரிப்பாளர் வந்தார். "பொம்பளை பேரைப் போட்டா விநியோகஸ்தர் வாங்க மாட்டாங்கம்மா. இயக்கம்னு என் பேர் இருக்கட்டும்." நீங்கள் "ஆகட்டுங்க" என்றீர்கள். நம் ஊரில் அதற்கு ‘பார்க்கலாம், இப்போது கிளம்புங்கள்’ என்றும் பொருள் உண்டு. சென்னைக்காரர், சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரையில் அவர் பெயரைப் பார்த்த அன்று, காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில் நான் கொதித்தேன். "பேரு கெடக்குது உடு. சனம் படத்தைப் பாக்குதில்ல" என்றீர்கள். உங்கள் விரல்கள் மட்டும் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தன. அதன் பிறகு யாரும் உங்களுக்குப் படம் தரவில்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் எதையும் இயக்கியதாகவே இல்லையே.

போன வருடம் நீங்கள் இறந்தபோது எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. இப்போது படத்தைப் புதுப்பித்துத் திரையிடப்போகிறார்கள். பிரதியில் பாதி ஒலி அழிந்துவிட்டது. என் நாடா இல்லாவிட்டால் பாதிப் படம் ஊமை. தயாரிப்பாளர் காலமாகிவிட்டார். அவர் மகன் நேற்று போனில், "உங்க அக்கா பேரை நன்றின்னு போட்டுடறேன் மேடம். அவங்களே அப்பாகிட்ட சரின்னு சொன்னதுதானே?" என்றார். பதினோரு மணிக்கு நாடாவை வாங்க வருகிறார்.

நீங்கள் இருந்தால் கொடுத்துவிடு என்றுதான் சொல்வீர்கள். அவரிடம் இருக்கும் பிரதியும் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது. என் பிடிவாதத்தால் படமே இல்லாமல் போகலாம்.

சமையலறையில் காபி போடும் கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இயக்கம் என்று உங்கள் பெயர் வராதவரை நாடா இந்த வீட்டைவிட்டுப் போகாது. தயாரிப்பாளர் மகனின் முகத்தைப் பார்த்து, எந்த மழுப்பலும் இல்லாமல், முடியாது என்று சொல்லப்போகிறேன்.