குளியலறைக் கதவருகே ஒரு நாற்காலி

2009 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை, காலை 10.20
கராமா, துபாய்
கடிதம் எண் 4: நம் மகள் வசந்தியின் பரிசோதனை குறித்து

என் மரகதத்துக்கு,

நீ மறைந்தது 2005 ஏப்ரல் 19. அதன்பின் மூன்று கடிதங்கள் எழுதினேன். எதிலும் நல்ல செய்தி இல்லை. இதில் ஒன்று இருக்கிறது. ஆனாலும் எழுத எழுத மனம் கனக்கிறது.

2003 மே மாதம் கருப்பைவாய்ப் பரிசோதனைக்குப் பெண் மருத்துவரிடம் உனக்கு நேரம் வாங்கினோம். "லீவுக்கு ஊருக்குப் போறோம்லா, அங்க பாத்துக்கிடலாம்" என்றாய். பல்வலி முதல் மூட்டுவலி வரை ஊருக்கென்று சேர்த்து வைப்பதுதானே இங்கே நம் எல்லோருக்கும் வழக்கம்? ஊரில் இரண்டு கல்யாணம், ஒரு கிரகப்பிரவேசம், லீவு முடிந்தது. அடுத்த லீவு 2005 ஜூலையில் வந்தது. அதற்குள் அந்தக் கருப்பைவாயிலேயே புற்றுநோய் வந்து, நீ இல்லை. கூச்சத்தைத்தான் லீவு என்று சொன்னாய் என்பது பிறகே விளங்கியது.

இந்த ஜூன் மாதம் அதே பரிசோதனைக்குப் போகச் சொன்னபோது வசந்தியும் அதையே சொன்னாள். அதே சொற்கள், மரகதம்.

கீழ்த்தளத்து நர்ஸ் ஜெசிந்தாதான் விடவில்லை. அவள் மருத்துவமனையில் புதிதாகச் செய்து பார்க்கிறார்களாம். பஞ்சு நுனி வைத்த குச்சியும் ஒரு சிறு குழாயும் கொண்டுவந்தாள். "டாக்டர் முன்னாடி படுக்கவே வேண்டாம்க்கா. பாத்ரூம்ல நீங்களே எடுத்துக்கிடலாம். புத்துநோய் கொண்டுவர கிருமி இருக்கான்னு லேப்ல பாத்துருவாங்க."

மூன்று குடும்பத்துக்கு அதே ஒரு குளியலறைதான் இன்னும். வசந்தி உள்ளே போனாள். நான் கதவருகே நாற்காலி போட்டு அமர்ந்தேன். உனக்குப் பின் உள்ளறைக்குக் குடிவந்த மணி துண்டோடு வந்து நின்றார்.

"டூட்டிக்கு நேரமாச்சு சார். பதினஞ்சு நிமிசம் தாண்டினா நீங்கதான சண்டைக்கு வருவீங்க?"

"இன்னைக்கு அந்தச் சட்டம் மாஃபி, கிடையாது" என்றேன்.

கிருமி இருந்தது. அதன்பின் வசந்தி லீவுக்குக் காத்திருக்கவில்லை. மறுவாரமே பெண் மருத்துவரிடம் போனாள். புற்றுநோய் இல்லை, அதற்கு முந்தைய மாற்றம் மட்டுமே என்றார். சிகிச்சை முடிந்துவிட்டது. மறுபரிசோதனைகளுக்குத் தவறாமல் போக வேண்டும்.

ஒரு குச்சி, மரகதம். ஆறு ஆண்டுகள் முன்னால் அது வந்திருந்தால், உனக்காக அந்த நாற்காலியைப் போட்டிருக்க மாட்டேனா?

நேற்று மணியின் மனைவியும் நர்ஸ் ஜெசிந்தாவிடம் குச்சியும் குழாயும் கேட்டு வாங்கினாள். அவள் உள்ளே போகும் நாளிலும் கதவருகே நான் இருப்பேன்.

உன் கணவன், வசந்தியின் அப்பா,
சு. நமசிவாயம்

இணைப்பு (உன் படச் சட்டத்தின் பின்னால்):
1. வசந்தியின் சிகிச்சை அறிக்கை, நகல்.
2. 2003 மே மாதம் நீ போகாத மருத்துவரின் சந்திப்புச் சீட்டு, அசல். இதுவரை என் பர்ஸில் இருந்தது.