செல்விக்குப் போன நாற்காலி

செவ்வாய்க்கிழமை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மகள் வயசுள்ள செல்வியைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உள்ள நாற்காலி இவ்வளவு நாளும் என்னுடையது. இன்று ராக்கெட் பெட்டி லேபிளைத் திருத்தி, ஆபீஸிலிருந்து சர்வரில் போட்டிருந்தார்கள். நான் அதைத் திறந்து அச்சுக்கு அனுப்பப் போனேன்.

"பொறுங்கக்கா, இது பழைய படம். இந்தக் கம்ப்யூட்டர் முன்ன எடுத்து வச்சதையே கொஞ்ச நேரம் காட்டும். மூடித் திறந்தா புதுசு வரும்" என்றாள் செல்வி.

"எங்க வீட்டுக்காரரை வெளிய விட்டுக் கதவை மூடித் திறந்தா, அவரும் புதுசா வருவாராத்தா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"இனிமே அங்கன செல்வி உக்காரட்டும்" என்றார்.

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆமத்தூரில் இறங்க வேண்டியவள் விருதுநகரில் இறங்கினேன்.