விளக்கு வைத்த பின்

வல்லம் முகாம்
5-5-1963

அன்புள்ள நைனாவுக்கு, ஜெயமாலா வணக்கத்துடன் எழுதுவது. நான் சௌக்கியம். செஞ்சிக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு தபாலில் பேசுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. என்ன செய்ய, முகாம் முடியும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாதாம்.

எங்கள் கல்லூரிக் கிறிஸ்தவ சங்கத்தின் கோடை ஊழியத்துக்குப் பன்னிரண்டு பெண்கள் வந்திருக்கிறோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கல். மற்றவர்கள் பிள்ளைகளுக்குப் பாட்டும் வேதக் கதையும் சொல்கிறார்கள். எனக்குச் சேரிப் பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கும் வேலை. நம் வேர்க்கடலை மண்டியில் மல்லாட்டை உரிக்க வருவாளே நாகம்மாள், அவளும் என் மாணவி. "இன்னா பாப்பா, இது பலப்பம் புடிக்கிற கையா?" என்று அலுத்துக்கொண்டே 'நா' வரைக்கும் வந்துவிட்டாள்.

ஜெபத்துக்கு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நம் சமண நோன்பை மதித்து, பொழுது சாயுமுன் எனக்கு மட்டும் தனியாகச் சோறு போட்டுவிடுகிறார்கள். எல்லாருக்கும் முன்னால் சாப்பிடுவதால் "மாமியார் சாப்பிட்டாச்சா?" என்று ஒரே கேலி. போதுமா? கவலையை விட்டுவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகள்
ஜெயமாலா

அருகன் துணை
செஞ்சி
9-5-1963

அருமை மகள் ஜெயமாலாவுக்கு நைனாவின் ஆசீர்வாதம். உன் கடிதத்தை அம்மா மூன்று தரம் படிக்கச் சொன்னாள். மூன்று தரமும் 'வேதக் கதை' வந்ததும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டாள். என்னிடம் தொண்டு என்றுதானே சொன்னாய்? ஊழியம் என்று சொன்னாயா? பெரிய சாமர்த்தியசாலிதான்.

ஒன்று தெரிந்துகொள். உன்னைப் பெண் கேட்ட திண்டிவனத்தார் இருபத்தாறாம் தேதி பூ வைக்க வருகிறார்கள். பையன் சந்திரப்பிரபு தங்கமானவன். அவன் தகப்பனார்தான் ரொம்பக் கறார். "உங்க பொண்ணு கிறிஸ்தவங்க கூட இருக்குதே, பொழுது போனா வாயக் கட்டுதா?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். விளக்கு வைத்தபின் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீ படிப்பை முடித்த பிறகே கல்யாணம் என்பதற்கும் சம்மதம் வாங்கிவிட்டேன். அந்த வாக்கில் ஒரு சொட்டை விழுந்தாலும் சம்பந்தமும் போகும், ஜூனில் நீ கல்லூரிக்குப் போவதும் இல்லை. கண்டிப்பாகச் சொல்கிறேன். எனக்குத் தூக்கமே வரவில்லை, அம்மா.

இப்படிக்கு
ம. புஷ்பதந்த நயினார்

வல்லம் முகாம்
17-5-1963

அன்புள்ள நைனாவுக்கு, மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். வேறு யாராவது வந்து சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை விளக்கு வைத்த பின் நான் சாப்பிட்டேன்.

அன்றைக்கு நாகம்மாள் தன் பெயரை முழுசாக எழுதிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் எங்களையெல்லாம் வீட்டுக்கு அழைத்தாள். கழனி வேலை முடிந்து வந்து, களி கிண்டி, கீரை கடைவதற்குள் இருட்டிவிட்டது. எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். நம் வழக்கத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் மாமியார் உள்ளேயிருந்து, "நயினார் ஊட்டுப் பொண்ணு நம்மூட்ல துன்னுமாடி? ஏன் அத சங்கடப்படுத்தற?" என்றாள். நாகம்மாள் நீட்டிய தட்டை அப்படியே இழுத்துக்கொண்டாள். அவள் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை, நைனா. இருட்டிவிட்டதுதான் காரணம் என்று நான் ஆயிரம் சொன்னாலும் அந்த இடத்தில் யார் நம்புவார்கள்? தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நான் மதம் மாறவில்லை. நோன்பு போயிற்றே என்று அழுதேன். ஆனால் சாப்பிட்டதற்கு வருத்தப்படவில்லை. படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஜெயமாலா

வல்லம் முகாம்
24-5-1963

நைனா, ஏன் பதில் இல்லை? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுகிறேன். திட்டியாவது எழுதுங்கள். நாளன்றைக்கு அவர்கள் வருகிறார்களே, சொல்லிவிட்டீர்களா, மறைத்துவிட்டீர்களா? நாகம்மாள் ஒரு வாரமாக எழுத்துக்கு வரவில்லை. நம் மண்டியில்தான் வேலை என்கிறார்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், அவளை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.

ஜெயமாலா

அருகன் துணை
செஞ்சி
28-5-1963

அருமை மகளுக்கு, கோபத்தில்தான் பதில் போடவில்லை. நாகம்மாளை ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். உன் சேதி அவர்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. பெரியவர் மண்டி முற்றத்திலேயே நின்றுகொண்டார். "யாரோ நாகம்மாளாம், ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுதாம். பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லுங்க நயினாரே, பூ வெச்சிட்டுப் போறோம்" என்றார். மூட்டைக்குப் பின்னால் உரித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். "நாந்தான் சாமி அது. பெருமைக்குப் பொய் சொல்லிட்டேன். பாப்பா எங்கூட்ல துன்னல" என்றாள்.

எனக்கு நல்ல வழி திறந்துவிட்டது. தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் என் வீட்டு மானத்துக்காக அவள் தன் சந்தோஷத்தைப் பொய் என்கிறாளே! "அவ பொய் சொல்லல. எம் பொண்ணு சாப்ட்டுச்சு" என்றேன்.

பூத்தட்டு வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று. அம்மா படுத்துவிட்டாள். கொஞ்ச நாளைக்கு உன்னோடு பேசமாட்டாள், பொறுத்துக்கொள். கல்லூரி திறக்கும் தேதியை எழுது. நானே கொண்டுபோய் விடுகிறேன்.

அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் உரிக்கும் பருப்பை எடுக்க இருபது வருஷமாக அவள் வாசலுக்குப் போய்வருகிறேன். எப்போதும் நல்ல வெயிலில்தான் போயிருக்கிறேன். ஒருநாள்கூட ஒரு வாய்த் தண்ணீர் கேட்டதில்லை. பட்டப்பகலில் எந்த நோன்பு என்னைத் தடுத்தது?

நீ தவறியதற்கு ஒருநாள் உபவாசம் இருந்துவிடு. நானும் இருக்கிறேன். என் தப்பு உன்னுடையதைவிட ரொம்பப் பழையது.

உன் நைனா