அப்பாவின் பின்னணியை நீக்குதல்

ஆகஸ்ட் 22, வெள்ளி

புழுக்கம். தெற்குக் காற்று, கூடவே கெமிக்கல் வாடை. ஜன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் தலைவலி. சாத்திக்கொண்டேன்.

அப்பாவை வெட்டி முடித்தாயிற்று. எழுதிப் பார்த்தால் பயங்கரமாக இருக்கிறது, ஆனால் எடிட்டிங் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். மேல்பட்டாம்பாக்கத்தில் எப்போதோ நடந்த ஒரு கல்யாணம். மண்டப வாசலில் நின்று கைகூப்பி "வாங்க வாங்க" என்கிறார். பிறகு இடப்பக்கம் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். அவ்வளவுதான் வீடியோ. வாசல், வாழைமரம், ஜனம் எல்லாவற்றையும் ஃப்ரேம் ஃப்ரேமாக நீக்கிவிட்டேன். இப்போது திரையில் அவர் மட்டும். பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டங்கள். ஒன்றுமே இல்லை என்பதற்கு சாஃப்ட்வேர் போடும் அடையாளம் அது.

28 சாயங்காலம் சிதம்பரத்தில் தங்கச்சி தேவியின் ரிசப்ஷன். வீடியோ பாலு அண்ணன் (இனி பா.அ.). பொண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வருவதை ஏற்கனவே எடுத்துவிட்டார். அதில் வாசலில் அப்பா நின்று வரவேற்க வேண்டும். பெரிய எல்.இ.டி. திரையில் போடுவார்கள். தேவியின் ஆசை.

அம்மா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று கேட்டது ஒன்றுதான்.

"கண்ணு தெரியுதா அதுல?"

"தெரியுதும்மா. வந்து பாரு."

போய்விட்டாள்.

போன வருஷம் அப்பா இறந்த அன்று கண்தானத்துக்குச் சரி சொன்னது நான். அவரே சொல்லி வைத்திருந்ததுதான். விழிமேல் இருக்கும் மெல்லிய தோல் மாதிரி ஒன்றைத்தான் எடுப்பார்கள் என்று அம்மாவிடம் எத்தனை தடவை சொன்னாலும், "நீ பாத்தியா?" என்பாள். பார்க்கவில்லை. இமை மூடியிருந்தது. கண்ணில்லாமல் போன மனுஷனுக்கு வழி எப்படித் தெரியும் என்று ஒரு வருஷமாகக் கேட்கிறாள். மாலை போட்ட படத்துக்குப் பொட்டு வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரே ஒரு தடவை அந்தக் கண்ணை அவள் நேராகப் பார்த்துவிட்டால் போதும் எனக்கு. இத்தனை பாடும் அதற்குத்தான்.

ஆகஸ்ட் 23, சனி

கேஸ் புக் பண்ண. தேவி பிளவுஸ் (டெய்லர் திங்கள் என்கிறான், பொய்). அப்பா ஃபைல் அனுப்ப.

அனுப்பினேன். எது தெரிய வேண்டும், எதன் வழியாகப் பின்னால் இருப்பது தெரிய வேண்டும் என்ற கணக்கு ஃபைலுக்குள்ளேயே போக வேண்டும். அதற்குப் பேர் ஆல்ஃபா. சாதாரண எம்.பி.4 வீடியோவில் அது போகாது. அதனால் 'ஆர்.ஜி.பி. பிளஸ் ஆல்ஃபா' வைத்து எம்.ஓ.வி.யாக எடுத்தேன். யானை சைஸ். ஏறுவதற்குள் சோறு வடித்து, ரசம் வைத்து, குளித்தும் வந்துவிட்டேன்.

சாயங்காலம் பா.அ. போன்.

"இன்னாம்மா, அப்பாவுக்குப் பின்னாடி ஒரே கருப்பா வருது?"

"எம்.ஓ.வி. அப்புடியே போட்டீங்களா?"

"நம்ம சிஸ்டம் தாங்கலம்மா, அப்புடியே நின்னு போவுது. அதான் எம்.பி.4-ஆ மாத்திக்கிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். மாத்தினால் ஆல்ஃபா போய்விடும், கருப்பு வேறு, ஒன்றும் இல்லாதது வேறு என்று சொன்னேன்.

"வுடும்மா. கருப்ப மட்டும் எடுத்துட்டா போச்சு. நான் பாத்துக்கறேன்."

கல்யாண வீடியோவில் ரோஜா இதழ் பறக்கவிட்டே மாடி வீடு கட்டியவர். அவருக்கு நான் பாடம் எடுப்பதா. வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஃபைலை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அப்பாவின் தோள்மேல் நாலு விரல். ஆள் இல்லை, கை இல்லை, விரல் மட்டும். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, சேத்தியாத்தோப்புப் பெரியப்பா பக்கத்தில் நின்று தோளில் கை போட்டிருந்தார். அவரை வெட்டியபோது விரல் மிஞ்சிவிட்டது. அழித்தேன். பெரியப்பாவிடம் சொன்னால் ரிசப்ஷனுக்கே வரமாட்டார்.

பகலிலேயே ஒரு மாதிரி இருக்கிறது. அம்மா அடுப்படியில் நிற்கிறாள், அவள் முடி எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண் தானாக ஓரம் தேடுகிறது. யாரைப் பார்த்தாலும் பின்னால் கட்டம். மத்தியானம் முற்றத்துக் கொடியில் அப்பாவின் பழைய கட்டம் போட்ட லுங்கி காய்ந்தது. அதை யார் துவைத்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், சரி.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டி, வரவில்லை.

அம்மாவோடு சிதம்பரம். வளையல், தாம்பூலப் பை, மண்டபக்காரரிடம் சமையல் பேச்சு. தெற்கு வீதியில் பா.அ. கடையைத் தாண்டும்போது அவரே கூப்பிட்டுவிட்டார். "வாங்க பெரிம்மா, ஐயா வந்து நிக்கறாரு பாருங்க!"

நான் தடுப்பதற்குள் கடையின் பெரிய டி.வி.யில் போட்டுவிட்டார்.

மண்டப வாசல். அப்பா கைகூப்பி நிற்கிறார். தலைமுடி இல்லை, மீசை இல்லை. கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. ஓட்டை வழியாகப் பின்னால் தொங்கும் சாமந்திச் சரம் மஞ்சளாக ஆடுகிறது. சிரித்துக்கொண்டே "வாங்க வாங்க" என்கிறார்.

கருப்பை எடுக்கச் சொன்னால் சாஃப்ட்வேர் பின்னணிக் கருப்பு, மீசைக் கருப்பு, விழிக் கருப்பு என்றா பார்க்கும்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டது.

பா.அ.வே ஆடிப்போனார். "சின்ன ஸ்கிரீன்ல பண்ணப்ப சரியா தெரியலம்மா" என்றார் என்னிடம் மெதுவாக.

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் அம்மா டிக்கெட்டை மடித்து மடித்துத் துணுக்காக்கிவிட்டாள். அப்புறம்,

"நான் சொன்னேன்ல. கண்ணு இல்ல."

"அது பாலு அண்ணன் பண்ண தப்பும்மா. என் கம்ப்யூட்டர்ல கண்ணு இருக்குது."

"படத்துல கூடவா தங்காது? நீ அத போடாத. ஊரு முன்னாடி அவர அப்புடி நிக்க வெக்காத."

முன்சீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. யார்மேல் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை விரிந்துவிட்டது, மாவு சரியில்லை. அம்மா சாமி கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாளைக்கு அந்த வீடியோவைப் போட்டால் பொண்ணு ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டாள்.

போட வேண்டாமா என்று தேவியைக் கேட்டேன். "அக்கா, அவரு கண்ணோட வந்தா போடு. இல்லனா வேணாம்" என்றாள். சரியான பேச்சு.

இந்த முறை வீடியோவே இல்லை. ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனிப் படம், பி.என்.ஜி.; குரல் தனி ஃபைல். ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா உண்டு, பா.அ.வின் கிழட்டு சிஸ்டமும் தாங்கும். பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு நானே போனேன். லீவு நாளில் கடை திறக்க வைத்த பாவத்துக்கு விரிந்த கொழுக்கட்டை கொண்டுபோனேன். சாப்பிட்டார்.

போட்டார். முடி, மீசை வந்தது. ஆனால் உடம்பைச் சுற்றி மெல்லிசாகக் கரிக்கோடு, அட்டையில் வெட்டி ஒட்டின மாதிரி. ஓரத்தில் கருப்பு கலந்துபோய் எடுத்திருக்கிறேன், அது என் கவனக்குறைவு. கலக்காத முறை 'ஸ்ட்ரெய்ட்'. அங்கேயே மாற்றி மறுபடி எடுத்தேன்.

கோடு போய்விட்டது. வாசலில் அப்பா. சாமந்திச் சரம் அவருக்குப் பின்னால், பின்னால் மட்டும். கண்ணில் வெளிச்சப் புள்ளிகூட இருந்தது.

"உயிரோட நிக்கறாரும்மா" என்று பா.அ. எழுந்துவிட்டார். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலில் வலி. புடவை மாற்றவில்லை, இப்படியே எழுதுகிறேன். மற்றதெல்லாம் நாளைக்கு. இது மட்டும்.

போடப்போவதை அம்மாவிடம் சொன்னேன். எழுந்து பொண்ணு ரூமுக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

தேவி திரையில் நடந்து வருகிறாள். வாசலில் அப்பா. "வாங்க வாங்க." மேடையில் தேவி மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியப்பா சத்தமாக அழுதார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நிலைப்படியில் வந்து நின்றாள். முழுசாகப் பார்த்தாள், முகத்தையே பார்த்தாள்.

"கண்ணு இருக்குது" என்றாள், யாரிடமும் இல்லை.

முடிந்ததும் ஜனம் கத்தியது, பா.அ. இன்னொரு தடவை போட்டார். அப்பா கைகூப்பிவிட்டு இடப்பக்கம் பார்த்துச் சிரிக்கும் இடம் வந்தது. அம்மா கிளம்பிவிட்டாள். நாற்காலிகளை விலக்கிக்கொண்டு, ஐஸ்கிரீம் பிள்ளைகளைத் தாண்டி, திரைக்கு இடப்பக்கம் அவர் பார்வை போகிற மூலையில் போய் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பின்னாலேயே ஓடினேன்.

அந்த மூலையிலிருந்து அவளுக்குத் திரை தெரியாது.

"இப்ப என்னப் பாக்கறாரா?"

இரண்டடி முன்னால் போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். படம் முடிந்து, திரையில் தேவி பேரும் மாப்பிள்ளை பேரும் ஓடிக்கொண்டிருந்தன.

"பாக்கறாரும்மா" என்றேன்.