அக்காவுக்கு மட்டும் தெரிந்த நெஞ்சுவலி

திண்டிவனம், செவ்வாய்க்கிழமை

இன்று இவரை விழுப்புரத்தில் இதய டாக்டரிடம் காட்டினோம். வலி எப்போதிலிருந்து என்று டாக்டர் கேட்டதும் இவருடைய அக்கா முந்திக்கொண்டார். "ரெண்டு மாசமா விடிகாலையில நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தான் சார்."

பக்கத்திலேயே படுக்கிற எனக்குத் தெரியாது.

இதயத்து ரத்தக்குழாயின் சுவருக்குள் கால்சியம் அதிகமாகப் புகுந்து குழாய் இறுகிவிடுகிறதாம். அது புகும் வழியை இந்த மாத்திரை அடைக்குமாம். அதையும் டாக்டர் அக்காவைப் பார்த்தே சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் இவரிடம் கேட்டேன். "நீ பயந்துக்குவன்னுதான் சொல்லல" என்றார். பயந்தால் என்ன? பயப்படக்கூட எனக்கு உரிமை இல்லையா?

சாப்பிட்டதும் மாத்திரையை நானே கொடுத்தேன். வானூரிலிருந்து அக்கா போன் செய்தார். "மாத்திரை போட்டானா? போனை அவன்கிட்ட குடும்மா."

"தூங்கிட்டாரு அண்ணி" என்றேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் என்னையே பார்த்தார்.