கறுப்புக் குடையும் என் ஒரேயொரு மேற்கோளும்

போதும். நீர் செத்துப்போன இந்த ஒரு மாதமும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்று காலைப் படகில் உமது முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகம், அதுதான் கல்வெட்டு, நயினாதீவுக்கு வந்து சேர்ந்தது. அச்சு மை இன்னும் மணக்கிறது. பதிகம் முடிந்த கையோடு உமது ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற கணக்குடன். பேரப்பிள்ளைகளின் பெயர்களே அதற்குப் பிறகுதான் வருகின்றன.

மத்தியானம் உமது மகள் தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, வருசத் திவசத்துக்கு ஒரு மலர் போடுறம். அப்பான்ர ஞாபக ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள்தான் எழுதோணும்."

ஓம் என்றேன். அந்த ஆராய்ச்சியில் ஒரு இடத்திலும் சரியாக வராத என் பெயர் அந்த மலரிலாவது வரட்டும் என்று நினைத்தேன்.

பட்டியலில் முதலாவதாக நிற்கிறதே குடைக் கட்டுரை, அந்தச் சோதனையின் கதையை எழுதியவன் நான். ஒருவர் நெடுந்தீவுக்குப் போகிறார், படகில் குடையை மறந்துவிட்டு இறங்குகிறார். அவ்வளவுதான். குடைக்கு நிறமே கிடையாது. குறிகட்டுவான் துறையில் காலையில் வந்திறங்கிய நயினாதீவுச் சனத்துக்கு அதை வாசித்துக் காட்டினோம். பின்னேரம் அவர்கள் திரும்பி வந்து படகில் ஏறியதும், ஒவ்வொருவராகத் துறைக்குக் கூப்பிட்டுக் குடையின் நிறத்தைக் கேட்டோம். எல்லோரும் கறுப்பு என்றார்கள். நீர் வெயிலில் நின்று துள்ளினீர்.

எனக்குச் சந்தேகம். முதலில் பதில் சொன்ன அக்காவிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, உண்மையாவே கறுப்பெண்டு ஞாபகமோ?"

"என்ன ஞாபகம்? நீங்கள் நிறமே சொல்லேல்லையே தம்பி. பாவம், உங்களுக்குச் சோதினையெல்லோ? ஆளுக்கொரு நிறம் சொன்னால் உங்களைப் பெயிலாக்கிப் போடுவாங்கள். அதுதான் திரும்பிப் போய்ப் படகுக்குள்ள எல்லாரிட்டையும் கறுப்பெண்டு சொல்லச் சொன்னனான்."

ஓடி வந்து உம்மிடம் சொன்னேன். "அது ஒரு அக்கா. மற்ற ஆக்கள் ஞாபகத்தில இருந்துதான் சொன்னவை. நீர் குழப்பாதையும்" என்றீர்.

ஒரு சமூகம் முழுவதும் ஒரே பொய் நினைவைச் சுமக்கிறது என்று கட்டுரை வெளிவந்தது. முடிவில் ஒரு வரி: நண்பர் ஒருவருக்கு நன்றி. ஏன் என் பெயர் இல்லை என்று கேட்டதற்கு, "உமக்குக் கூச்சமாயிருக்குமெண்டு நினைச்சன்" என்றீர். எனக்கு எந்தக் காலத்தில் கூச்சம் இருந்தது?

பிறகு உலகமெல்லாம் அதை மேற்கோள் காட்டியது. எல்லோரையும்விட அதிகமாகக் காட்டியவர் நீர்தான். நானும் பொறுக்கமுடியாமல் அந்த அக்கா சொன்னதை வைத்து ஒரு மறுப்புக் கட்டுரை எழுதினேன். அதை மேற்கோள் காட்டிய ஒரே ஆளும் நீர்தான். 'இதை ஏற்காதோரும் உளர்' என்று எழுதி, என் பெயரின் முதலெழுத்தையும் பிழையாகப் போட்டீர்.

ஒருமுறை சாட்டிக் கடற்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அதற்காக உம்முடன் சண்டை பிடித்தேன். சுற்றுலா வந்தவர்கள் குளிப்பதை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார்கள். நீர் சிரித்தீர். "நான் இல்லாட்டில் உம்மை ஆருக்குத் தெரியும் ஐசே?"

அது உண்மை. அதுதான் எரிகிறது. உம்மை இனியும் எவனாவது மேற்கோள் காட்டிக்கொண்டே இருப்பான். என்னை மறுக்கவென்று இருந்த ஒரேயொரு மனிதரும் போய்விட்டீர்.

இன்னொன்றும் உண்டு. உயிரோடு இருந்தபோது உமக்குச் சொல்ல மனம் வரவில்லை. கதையை எழுதியவன் நான். குடைக்கு நிறம் வைக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் கறுப்புக் குடைதான் தெரிகிறது. வளைந்த கைப்பிடி, ஓரத்தில் ஒரு தையல்கூட. பிழையான சோதனையில் இருந்து சரியான முடிவுக்கு வந்திருக்கிறீர் என்று நினைக்கிறேன். அந்தக் குடையைச் சாகும்வரை நான்தான் சுமக்க வேண்டும்.

மகள் கேட்டது புகழுரை. கிடைக்கப்போவது இது. அதன் அடியில் என் பெயரைக் கண்டால் சனம் என்ன சொல்லும்? "பாவம், மனுசனுக்கு இன்னும் எரிச்சல்" என்று பக்கத்தைத் திருப்பிவிடும். பெயர் இல்லாவிட்டால், எழுதியது ஆர் என்று கண்டுபிடிக்கவாவது கடைசி வரிவரை வாசிக்கும். அந்த அக்கா சொன்னதையும் படிக்கும். மகளுக்கு ஆளைத் தெரியும், சொல்லமாட்டாள். நாளைக் காலை தபாற்கந்தோர் திறந்ததும், கையொப்பம் இடாமலே இதைப் போடப்போகிறேன்.