என் மகள் கட்டிய வீட்டை ஷெட் என்று எழுதியது குறித்து

அனுப்புநர்:
அ. ரெமிஜியஸ்,
உரிமையாளர், ரெமி டூ வீலர் ஒர்க்ஸ்,
சர்ச் பின்தெரு, லிங்கராஜபுரம், பெங்களூரு.

பெறுநர்:
உயர்திரு மண்டல அலுவலர் அவர்கள்,
கட்டிட அனுமதிப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: குடியிருப்பு வீட்டைத் 'தற்காலிக ஷெட்' என்று குறித்து, அகற்றச் சொல்லி ஒட்டிய நோட்டீஸை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் படித்தது எட்டாவது. ஆனால் லிங்கராஜபுரத்தில் என் கை படாத ஸ்கூட்டர் கிடையாது. உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதி என்னிடம் உயிர் பிழைத்தவை. கன்னடத்தில் வியாபாரம் பேசுவேன், கோபப்படுவது தமிழில்தான். மனைவி சரளா எழுதிய கன்னட நகலும் இணைத்துள்ளேன். அதில் கோபம் கொஞ்சம் குறைவாக இருக்கும், பொறுத்தருளவும்.

2. என் மகள் சிந்தியா கட்டிடக்கலை படித்தவள். அவள் வரைந்து கட்டிய முதல் வீடு எங்கள் வீடு. சுவர்களை அத்திபெலே பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்கிரீட்டில் பலகை பலகையாக வார்த்து, லாரியில் கொண்டுவந்தோம். கிரேன் அவற்றைத் தூக்கி நிறுத்த, போல்ட் போட்டு முடுக்கியதைப் பார்க்க ஹெப்பகோடியிலிருந்துகூட ஜனங்கள் பஸ் பிடித்து வந்தார்கள். மணல் குவியல் தெருவை அடைக்கவில்லை. மிஞ்சிய குப்பை ஒரு கோணிக்குள் அடங்கியது. சுவருக்குள் வெயிலை உள்ளே விடாத சாம்பல் கலவை. இந்த மார்ச் வெயிலில் ஃபேன் போட்டால் சரளா போர்வை கேட்கிறாள். வாசலில் சிங்க முகம் இல்லை, மாடிச் சுவரில் பூ வேலை இல்லை. நேர்க்கோடு, வெளிச்சம், நிழல், அவ்வளவுதான். முதலில் எனக்கே பிடிக்கவில்லை. மத்தியானம் அந்த நிழல் சுவரில் நகர்வதைப் பார்த்த பிறகு, எதிர்வீடு எனக்குக் கல்யாண கேக் மாதிரி தெரிகிறது.

3. ஃபாதர் வந்து ஜெபம் செய்து வீடு மந்திரித்த அன்று உங்கள் கள ஆய்வாளரையும் மரியாதைக்கு அழைத்தேன். பிரியாணி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். போல்ட்டைக் கழற்றினால் இந்த வீட்டை இரண்டு லாரியில் ஏற்றி வேளாங்கண்ணி கடற்கரையில் இறக்கிவிடுவேன் என்று விருந்தில் நான் சொன்னது உண்மை. பந்தலே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "நகர்த்தத்தக்கது, உரிமையாளரே வாக்குமூலம்" என்று அறிக்கையில் எழுதிவிட்டார். ஐயா, விருந்துப் பேச்சு வாக்குமூலமா? பக்கத்து வீட்டு வெங்கடராமன் தன் மாப்பிள்ளைதான் அமெரிக்காவையே நடத்துகிறார் என்று வருடக்கணக்காகச் சொல்கிறார். அதை எந்த அரசாங்கமாவது எழுதிக்கொண்டதா?

நிஜம் இது: அஸ்திவாரம் பாறை வரை இறங்கியிருக்கிறது. போல்ட்டுகள் தலை மட்டும் தெரிய கான்கிரீட்டுக்குள் புதைந்தாயிற்று. இந்த வீட்டை நகர்த்த வேண்டுமானால் லிங்கராஜபுரத்தையும் சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும். வரைபடத்துக்கு அனுமதி கொடுத்ததும் உங்கள் அலுவலகமே.

4. மாதக் கடைசிக்குள் அகற்று என்கிறது நோட்டீஸ். வாடகை வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்துவிட்டோம்; எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. என்னைக் கொதிக்க வைத்தது அதுகூட இல்லை. சிந்தியா நேரில் போய் விளக்கியபோது அந்த ஆய்வாளர், முன்பக்கம் இரண்டு தூணும் மேலே கொஞ்சம் பூ வேலையும் வைத்துவிடு, வீடு மாதிரி தெரியும், நானும் வீடு என்றே எழுதிவிடுகிறேன் என்று புத்தி சொன்னாராம்.

5. அப்பா அம்மா தெருவில் நிற்கக் கூடாதென்று என் மகள் தூண் வரைந்துவிட்டாள். கூரையின் பாரம் முழுக்கச் சுவரில் இறங்குகிறது. அந்தத் தூண்கள் தாங்குவதற்கு ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. தேவையில்லாத ஒரு கோடு போட்டாலே தூக்கம் வராத பெண் அவள். வரைந்த தாளை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

6. ஆகவே தாங்களே நேரில் வர வேண்டும். ஊரிலேயே பெரிய ஸ்பேனரோடு ஆள் கூட்டி வாருங்கள். ஒரு போல்ட் அசைந்தால் நோட்டீஸை நானே வீட்டின் மீது மறுபடி ஒட்டுகிறேன். அசையாவிட்டால், ஷெட் என்பதை அடித்து வீடு என்று எழுதி, திங்கட்கிழமைக்கு முன் உத்தரவு தர வேண்டும். கொத்தனாரை நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தடுப்பேன். இடிக்க வருகிறவரையும் தடுப்பேன். எங்களுக்காகத் தன் வீட்டைத் தானே கெடுக்கத் துணிந்த பெண்ணைத் தடுக்க என்னிடம் வழியில்லை, ஐயா. அதற்குத் தங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

இடம்: லிங்கராஜபுரம்
நாள்: 14.03.2025

இப்படிக்கு,
நகராத வீட்டின் உரிமையாளர்,
(ஒப்பம்) அ. ரெமிஜியஸ்